கண்ணாடிச் சமஸ்தானம்

மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் சாந்தியடையும் என்று சொல்லுகிறார்கள். வைத்தியசாலைகளில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு தொட்டி வைத்திருப்பதற்கு இதுவே காரணமாம். இப்படிச் சொல்லுகிறவர்கள் சாதுவான தங்கமீனை மட்டுமே கண்டவர்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவின் பேரேரிகளைத் தாயகமாகக் கொண்ட சிக்லிட் என்னும் மீன் கூட்டத்தை அவர்கள் பார்த்ததில்லை. எந்த வைத்தியராவது அவற்றைத் தம் முன்னறையில் வைப்பாரானால், உள்ளே போவதற்கு முன்பே நோயாளிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். ஒரு கல்லுக்காக நடக்கும் வழக்கும், துரத்தலும், பதுங்கலும், வாயோடு வாய் கோத்து நடத்தும் அசல் வாய்ச்சண்டையும் பொழுது விடிந்தது முதல் விளக்கு அணைகிற வரையில் ஓய்வதேயில்லை.

இத்தகைய பிரஜைகள் முப்பது பேரைக் கொண்ட ஒரு சமஸ்தானத்தை, தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில், நம் வீட்டுக் கூடத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் ஆண்டு வருகிறோம். ஆளுகிறோம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தண்ணீர் சுமப்பதும், பாசி சுரண்டுவதும், வேளை தவறாமல் படியளப்பதுமே நம்முடைய ராஜரிகம். சமஸ்தானத்தின் எல்லை 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர் தண்ணீர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டும் 680 கிலோ. கண்ணாடியும், மணலும், கல்லும் வேறு. ஒரு கல்யாணக் கோஷ்டியே ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தாற்போன்ற இந்தப் பாரத்தை நம் வீட்டுத் தரை தாங்கி நிற்பதை எண்ணி, நம் இல்லத்தரசி இன்றும் அவ்வப்போது ஆச்சரியப்படுவதுண்டு.

சென்னைவாசிகளுக்கு இந்த மோகம் புதிதன்று. கடற்கரையில் 1909 ஆம் ஆண்டிலேயே ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டுப் போயிற்று. மிருகக்காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், பொருட்காட்சிசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும் வாய் நிறையச் சொன்னவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த உயிர்க் காலேஜ் 1985 இல் நமக்குப் பக்கத்து ஊரான வண்டலூருக்கே வந்து சேர்ந்துவிட்டது. அங்கே போகிற உறவினர்கள் போகும் வழியில் நம் வீட்டையும் அதன் ஒரு கிளைச்சாலையாகப் பாவித்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பார்த்தவர்கள் முதலில் கேட்பது, “இது கடல் மீனா, சார்?” என்பதுதான். மஞ்சளும், நீலமும், ஆரஞ்சும், வரிக்குதிரைக் கோடுமாக மின்னும் மேனியைக் கண்டால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் இவை நன்னீரில் வாழ்பவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மூன்று பெரிய ஏரிகள் இருக்கின்றன. டாங்கனீக்கா ஏரி சுமார் 670 கிலோமீட்டர் நீளமுள்ளது. தாம்பரத்தில் ரயிலேறிக் கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்தை அனேகமாக எட்டிவிடும். அதன் ஆழம் 1,400 மீட்டருக்கும் அதிகம். 1859 இல் லிவிங்ஸ்டன் கண்டு உலகுக்கு எழுதிய நியாசா ஏரியை இப்போது மலாவி என்கிறார்கள். மூன்றாவது, பரப்பில் மிகப் பெரிதான விக்டோரியா. இவை ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் உண்டு. ஓர் ஏரியில் உள்ளது மற்றொன்றில் பெரும்பாலும் கிடையாது. சில இனங்கள் ஒரே ஒரு பாறைக்கரையைத் தவிர உலகில் வேறெங்குமே இல்லை.

இவ்வளவு இனங்கள் ஒரே தண்ணீரில் எப்படிப் பிழைக்கின்றன? ஒருவர் சோற்றை ஒருவர் தொடாமல் பிழைக்கின்றன. பாறைப் பாசியைச் சுரண்டுகிறவை உண்டு. மணலைச் சலித்து உண்பவை உண்டு. காலி நத்தைக் கூட்டுக்குள் குடித்தனம் நடத்துபவை உண்டு. டாங்கனீக்காவில் ஒரு வகை, மற்ற மீன்களின் செதிலையே கடித்துத் தின்று காலம் தள்ளுகிறது. இவற்றில் பாதிக்கு வாய் இடப்புறம் கோணியும், பாதிக்கு வலப்புறம் கோணியும் இருக்கும். இடப்பக்கத்தைக் கடிக்கும் கட்சி மிஞ்சிப் போனால், இரை மீன்கள் அந்தப் பக்கத்தில் எச்சரிக்கை கொள்கின்றன. அப்போது எதிர்க்கட்சிக்கு யோகம் அடிக்கிறது. இப்படி இரு கட்சிகளும் மாறி மாறி ஏறி இறங்கிச் சரிசமமாக நிற்பதை ஹோரி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1993 இல் எடுத்துக்காட்டினார். தேர்தல் கமிஷன் இல்லாமலே நடக்கும் ஏற்பாடு இது!

இத்தனை தூரத்து விருந்தாளிகளுக்கு நம் தாம்பரம் பிரதேசத்துத் தண்ணீர் எப்படிப் பொருந்தியது என்று நேயர்கள் கேட்கலாம். இதில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. தென் புறநகரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருடன் போராடாத குடும்பத்தலைவி கிடையாது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைமயிர் கொட்டுவதற்கும் அதன் மேலேயே பழி. ஆனால் ஆப்பிரிக்க ஏரிகளின் தண்ணீரும் காரத்தன்மையுள்ள தண்ணீர்தான். வேறு ஊர்க்காரர்கள் காசு கொடுத்து உப்பு வாங்கிக் கரைத்துச் செய்கிற பக்குவத்தை நமக்குப் பூமாதேவி இலவசமாகவே அளிக்கிறாள். “மனிதருக்கு ஆகாதது மீனுக்கு அமிர்தமாக இருக்கிறதே!” என்று நம் இல்லத்தரசி சொன்னதில் புகழ்ச்சி எவ்வளவு, குறை எவ்வளவு என்று நம்மால் இன்னும் பிரித்தறியக் கூடவில்லை.

காரத் தண்ணீரில் ஓர் அபாயமும் உண்டு. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா, காரம் கூடக் கூட அதிக விஷமாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். பில்டரின் பஞ்சிலும் கல்லிலும் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகையால் தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்குவது, அடுப்பு மூட்டுவதற்கு முன் இலை போடுவதைப் போன்றது. மிஞ்சுகிற நைட்ரேட்டை வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றித்தான் போக்கவேண்டும். அந்தத் தண்ணீர் நம் வீட்டு வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது. மீன் வளர்ப்பைக் குறை கூறுகிறவர்கள்கூட நம் முருங்கைக்காயைக் குறை கூறியதில்லை.

இனி, சமஸ்தானத்தின் அரசியலுக்கு வருவோம். மலாவியின் பாறைக்கரைவாசிகளை அந்த ஏரிக்கரை மக்கள் ‘ம்புனா’ என்று அழைக்கிறார்கள். நம் தொட்டியில் பெரும்பாலோர் இவர்களே. ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு கல் வேண்டும். அந்தக் கல்லைச் சுற்றி ஒரு சாண் நிலம் வேண்டும். அதில் பிறர் நிழல் படக் கூடாது. மீன் குறைவாக இருந்தால் வலியவன் ஒருவன், மெலிந்தவன் ஒருவனையே குறிவைத்துத் துரத்திக் கொன்றுவிடுவான். சற்று நெருக்கமாகவே வைத்தால் கோபம் பலர் மேலும் சிதறிப் போகிறது. யாரை அடிப்பது என்று தீர்மானிப்பதற்குள் அவனுக்கே களைத்துவிடுகிறது! ஆனால் கூட்டம் கூடினால் கழிவும் கூடும். ஆதலால் பில்டரும் பெரிதாக வேண்டும், நம் முதுகும் உறுதியாக வேண்டும்.

தன் நிறமும் கோடும் உள்ளவனைக் கண்டால்தான் ஆணுக்கு ஆத்திரம் அதிகம். அதனால் மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, வரிக்கோடு ஒன்று என்று தோற்றத்தில் ஒவ்வாதவர்களாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது இருந்தால் ஒருத்தியே தொல்லைப்படமாட்டாள். கற்களைத் தண்ணீரின் மேல்மட்டம் வரை அடுக்கிவிட்டால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் பொழுது போக்கலாம். புதிதாக ஒருவரைக் கொண்டுவருகிற அன்று மட்டும், கற்கள் அனைத்தையும் கலைத்து மாற்றி அடுக்கிவிடுவோம். பழைய பட்டாக்கள் யாவும் ரத்தாகிவிடும். எல்லோரும் புதுமனை தேடுகிற அவசரத்தில் புதியவரை விசாரிக்க ஒருவருக்கும் நேரம் இராது.

இதெல்லாம் நமக்குப் புத்தகத்தில் மட்டும் கற்ற பாடமாகப் படவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகள் கொண்ட வகுப்பை ஜூன் மாதத்தில் முதன்முதலாக ஏற்கும் எந்த உபாத்தியாயருக்கும் இது தெரியும். கடைசி பெஞ்சியின் பாத்தியதை ஒருவனுக்கு நிலைத்துப் போவதற்குள் இடங்களை மாற்றிவிட வேண்டும். மீன்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தியும் ஓரளவு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் செய்த ஒரு பரீட்சையின் முடிவை 2007 இல் வெளியிட்டார்கள். டாங்கனீக்கா சிக்லிட் ஒன்றை அயலானாக வைத்து, முதலாமவன் இரண்டாமவனையும், இரண்டாமவன் மூன்றாமவனையும் வெல்லுவது போல ஐந்து பேரின் சண்டைகளை அதற்குக் காட்டினார்கள். இரண்டாமவனும் நான்காமவனும் மோதியதை அது பார்த்ததேயில்லை. ஆயினும் நான்காமவனே மெலிந்தவன் என்று தானாகவே ஊகித்து அவன் பக்கம் ஒதுங்கிற்று. தர்க்க சாஸ்திரத்தில் இவ்வளவு தேர்ச்சியை நம் பத்தாம் வகுப்பிலும் எல்லாரிடத்தும் எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்வளவு முரடர்களின் குலத்தில் தாய்மை மட்டும் மகா ஆச்சரியமானது. பெண் மீன் தான் இட்ட முட்டைகளை உடனே வாயில் எடுத்துக்கொள்கிறது. ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அவற்றையும் முட்டையென்று கவ்வப் போகையில் வாயிலுள்ள முட்டைகள் கருவுறுகின்றன. அதன் பிறகு சுமார் மூன்று வாரம் அனேகமாகப் பட்டினி விரதம். மற்றவர்கள் தீனிக்குப் பாய்கிறபோது அது மட்டும் தாடை உப்பிய முகத்தோடு ஒரு கல்லிடுக்கில் நின்றுகொண்டிருக்கும். நம் குமாரி சிறுமியாயிருந்தபோது, “அப்பா, அதற்குப் பல்வலியா?” என்று கேட்டாள். பிறகு ஒரு நாள் அந்த வாய் திறந்து, எள்ளைச் சற்று நீட்டினாற்போன்ற குஞ்சுகள் வெளிவந்து, ஏதோ நிழலைக் கண்டு மறுபடியும் வாய்க்குள்ளே ஓடி ஒளிந்ததைப் பார்த்தாள். அன்று இரவு வெகு நேரம் அவள் தன் தாயை விட்டு அகலவில்லை.

சமஸ்தானத்துக்கு நெருக்கடிகளும் வந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியது. மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. நம் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. பம்பு நின்றால் தண்ணீரில் பிராணவாயு குறையும். பில்டரின் நுண்ணுயிர்களும் மாண்டு போகும். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கலாயின. ஆயுள் பகையாளிகள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று திணறியதை அன்றுதான் கண்டோம். பாட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்று இருந்தது. அது மட்டும் போதவில்லை. நாமும், இல்லத்தரசியும், குமாரியும் முறை வைத்துக்கொண்டு, சொம்பில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டேயிருந்தோம். இப்படிச் சிதறி விழுகிற தண்ணீர் காற்றைக் கலந்துகொண்டு போகும். தீனியை அறவே நிறுத்தினோம். பகலில் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சொம்பு பிடித்தார்கள். இரண்டு மீன்களை இழந்தோம், மற்றவை பிழைத்தன.

அதைவிடக் கடினமான சோதனை 2019 கோடையில் வந்தது. சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. நம் கிணற்றிலும் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. ஊர் தவிக்கிறபோது கூடத்தில் 680 லிட்டர் தண்ணீரை அழகுக்காக வைத்திருப்பது நியாயமா என்ற கேள்வியை யாரும் நம்மிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. நாமே கேட்டுக்கொண்டோம். பாதி மீன்களை, தண்ணீர் வசதியுள்ள நண்பர்கள் இருவரிடம் ஒப்படைத்தோம். தீனியைக் குறைத்தோம்; தீனி குறைந்தால் கழிவும் குறையும். குளித்த தண்ணீர் செடிக்குப் போக, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போயிற்று. வீட்டில் ஒரு சொட்டும் ஒரே தடவை மட்டும் உபயோகப்படவில்லை. “தொட்டியைக் காலி செய்துவிடலாமா?” என்று நாம் கேட்டபோது, அதுவரையில் பீரோ வாங்கியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த இல்லத்தரசிதான், “புயலில் விடிய விடியச் சொம்பு பிடித்தது இதற்காகவா?” என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

ஆனால் நாம் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது கும்பகர்ணனின் விஷயம். நம்மிடம் படித்த ஒரு பையனின் குடும்பம் ஊர் மாறிப் போகையில் ஒரு மீனை நம் பொறுப்பில் விட்டுச் சென்றது. வெள்ளை மேனியில் மரகதமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான கோலம். மலாவி ஏரிக்கரையில் இதைத் ‘தூங்குமூஞ்சி’ என்று பொருள்படும்படி ‘கலிகோனோ’ என்கிறார்கள். இது மணலில் ஒருக்களித்துச் செத்தாற்போல் படுத்துவிடும். செத்த மீனைக் கொத்தலாமென்று சிறு மீன்கள் நெருங்கியதும் துள்ளியெழுந்து விழுங்கிவிடும். வந்தபோது அரை சாண். இரண்டு ஆண்டில் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்துவிட்டது. சமஸ்தானத்தில் குஞ்சுகள் மறையத் தொடங்கின. அதை வேறிடம் கொண்டுபோவதென்று தீர்மானித்தோம். வாங்கிக்கொள்ளுவாரைத் தேடினால் கடைக்காரரும் கை விரித்தார்.

அப்போது நம் அண்டை வீட்டுப் பெரியவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். “வாத்தியார் சார், எதற்கு இவ்வளவு கவலை? நம் ஏரி நிரம்பித் தளும்புகிறதே, அதில் விட்டுவிடுங்கள். ஓர் உயிருக்கு விடுதலை கொடுத்த புண்ணியமாவது கிடைக்கும்” என்றார். நம் குமாரியும், “ஆமாம், அப்பா! பாவம், அது எவ்வளவு பெரிய ஏரியில் இருக்க வேண்டியது!” என்றாள். விடுதலை என்ற சொல்லுக்கு எதிராகப் பேசுவது எவ்வளவு சங்கடம் என்பதை அன்று அறிந்தோம்.

நாம் அவளை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். மீன்காரம்மாளின் கூடையில் ஜிலேபி குவிந்திருந்தது. “இது எந்த ஊர் மீன், தெரியுமா?” என்று கேட்டோம். “நம் ஏரி மீன்தானே!” என்றாள். இல்லை. ஜிலேபியும் ஆப்பிரிக்க சிக்லிட்தான். நம் கூடத்தில் உள்ளவற்றின் பங்காளி. உணவுக்காக 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் வாயில் குஞ்சு காக்கும். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். சில மாத வயதிலேயே இனம் பெருக்கத் தொடங்கிவிடும். ஏழை வீட்டு உலைக்கு அது உதவியது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்று குளம் குட்டைகளில் அதுவே நிறைந்து, ஊர் மீன்களுக்கு இரையும் இடமும் இல்லாமற் செய்துவிட்டது. உலகில் மிகக் கேடு விளைக்கும் அந்நிய உயிர்கள் நூற்றைக் கொண்ட சர்வதேசப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று கடைகளில் விற்கும் ‘டேங்க் கிளீனர்’ என்னும் தென்னமெரிக்க மீனும் அப்படியே. பெரிதானதும் ஏரியில் விட்டவர்களின் புண்ணியத்தால், இன்று அது செம்படவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு எதிர்மாறான கதை சிக்லிட்களின் தாயகத்திலேயே நடந்தது. விக்டோரியா ஏரியில் 1950களில், உணவுக்காகவே, நைல் பெர்ச் என்ற ஆறடி வளரும் மீனைக் கொண்டு வந்து விட்டார்கள். 1980களுக்குள் அது பெருகி, அந்த ஏரிக்கே உரிய சிக்லிட்களில் சுமார் 200 இனங்கள் மறையக் காரணமாயிற்று என்பது விஞ்ஞானிகளின் மதிப்பு. அவை போனவை போனவைதான். வேறெந்தத் தண்ணீரிலும் அவை இருந்ததில்லை.

செம்பாக்கம் ஏரியில் ஒரு மீனை விட்டால் அது செம்பாக்கத்தோடு நிற்பதில்லை. சிட்லபாக்கத்து உபரித் தண்ணீர் செம்பாக்கத்துக்கு வருகிறது. செம்பாக்கத்திலிருந்து ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயையும், பிறகு கோவளம் முகத்துவாரத்தையும் அடைகிறது. அந்த முட்டுக்காட்டு உப்பங்கழியில் யார் இருக்கிறார்கள்? நம்முடைய சொந்த சிக்லிட்கள்! இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் இனங்கள் மூன்றே மூன்று. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடி, 2010 இல் தங்கள் மாநில மீனாகவே அறிவித்தார்களே, அது ஒன்று. ஆரஞ்சு வண்ணத்தில் காசு போல மின்னும் சிறிய மீன் மற்றொன்று. மூன்றாவது கன்னட நாட்டு நதிகளில் உள்ளது. இவற்றின் நெருங்கிய உறவினர் மடகாஸ்கர் தீவில் இருக்கிறார்கள். இவை முட்டையை வாயில் வைப்பதில்லை. கல்லிலோ கட்டையிலோ ஒட்டி வைத்துத் தாயும் தந்தையும் சேர்ந்து காவல் இருக்கும். இந்தச் சாதுக் குடும்பங்களின் வாசலில் ஓர் அந்நிய முரடனைக் கொண்டுபோய் விடுவதற்கு விடுதலை என்று பெயரிடலாமா?

நம் குமாரி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் கும்பகர்ணன் நம்மோடேயே இருக்கட்டும்” என்றாள். தாழ்வாரத்தில் ஒரு 4 அடித் தொட்டி வைத்தோம். பெரிய மீன்கள் இரண்டைத் துணைக்குக் கொடுத்தோம். அண்டை வீட்டுப் பெரியவரே தினம் மாலையில் வந்து அதற்குப் பட்டாணி போடுகிறார். அதன் பாசாங்குத் தூக்கத்தைக் கண்டு, “நம் பேரனைப் போலவே இருக்கிறது” என்கிறார்.

அது முதல் நம் வீட்டில் இரண்டு சட்டங்கள் அமுலில் உள்ளன. ஒன்று, தொட்டியின் உயிர் எதுவும் ஏரிக்கோ, கால்வாய்க்கோ, சாக்கடைக்கோ போகக் கூடாது. மாற்றும் தண்ணீரையும் வடிகட்டியே செடிக்கு விடுகிறோம். மற்றொன்று, பல இனமும் கலந்து வாழும் தொட்டியில் கலப்புக் குஞ்சுகள் பிறப்பதுண்டு. அவற்றை இன்ன இனம் என்று பெயர் சொல்லி எவருக்கும் கொடுப்பதில்லை. தம் ஏரியில் அருகிவரும் இனங்களின் உண்மை வித்து வளர்ப்பவர் வீடுகளிலாவது கலப்பின்றி நிற்க வேண்டும் அல்லவா?

வீட்டில் மீன் வளர்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அழகான தொட்டி, நல்ல பில்டர், தக்க தீனி எல்லாம் கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்காத சாமான் ஒன்று உண்டு. அந்த மீன் ஐந்தாண்டோ பத்தாண்டோ, வளர்ந்து பெருத்து அழகு குன்றி முரடாகி நின்றாலும், கடைசி நாள் வரையில் அது நம் பொறுப்பு என்னும் உறுதிதான் அது. ஊரையும் உறவையும் விட்டு ஓர் உயிரை நம் கூடத்துக்கு வரவழைத்தது நம்முடைய ஆசை. அந்த ஆசையின் செலவை நம் ஏரிகளின் கணக்கில் எழுதக் கூடாது. இந்த உறுதி இருக்குமானால் தாராளமாக வளர்க்கலாம். சண்டைச் சத்தம் கேட்காத சண்டைகளையும், பட்டா மாற்றங்களையும், தாடை உப்பிய தாய்மார்களின் விரதத்தையும் தினந்தோறும் டிக்கெட் இல்லாமல் பார்த்து ரசிக்கலாம். மனச் சாந்திக்கு மட்டும் நாம் உத்தரவாதம் இல்லை!